லைற் பிடிக்கிற பிள்ளை

வைலே
18.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடித உறையைக் கண்டதும் யாரோ கலியாண அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பிரித்திருப்பீர்கள். ஏமாந்தீர்கள். நான் சாரங்கா, உங்களுடைய ஒரே தங்கச்சி. என் போன் நம்பரை நீங்கள் தடுத்து வைத்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். இந்த நாட்டில் சிவப்புத் தபால் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். மிச்சமிருக்கிற ஒன்றைத் தேடிப்பிடித்து இதைப் போடுகிறேன் என்றால் விஷயம் சின்னதில்லை என்று உங்களுக்கு விளங்கும். டெனிஷில் எழுதினால் எனக்குச் சுகம். ஆனால் டெனிஷில் கோபித்தால் உங்களுக்கு உறைக்காது.

சமாதானம் பேச எழுதவில்லை. ஒரு காரியம் ஆகவேண்டும்.

ஸ்பெயினில் இருந்து ஒரு படக்குழு வருகிறது. செப்டம்பர் 22 தொடங்கி ஹொல்ஸ்டெப்ரோவுக்கு மேற்கே, கடற்கரையில், பத்தொன்பது நாள் படப்பிடிப்பு. அவர்களுக்கு இங்கே வேலை செய்ய உரிமையுள்ள ஒரு எலெக்ட்ரீஷன் வேண்டும். என் ஸ்வென்டப்ரேவை, அதுதான் தொழிற்பரீட்சைச் சான்றிதழை, பார்த்தார்கள், சரி என்றார்கள். பிறகு வெளிச்சப் பிரிவின் தலைவி, பெயர் இட்சியார், வீடியோ அழைப்பில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இதற்கு முன் யாருக்கு வெளிச்சம் வைத்தாய்? பதினான்கு வருடம் என் அண்ணாவின் கமராவுக்கு வைத்தேன், முந்நூறு கலியாணத்துக்கு மேல் என்றேன். அப்படியென்றால் கமராவுக்குப் பின்னால் நின்றவர் உன் வேலை என்ன என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தரட்டும் என்றாள்.

கமராவுக்குப் பின்னால் நின்றவர் நீங்கள்தான். வேறு ஆளுக்கு நான் எங்கே போவேன்?

மகேந்திரராசா மாமாவின் மகளின் கலியாணத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. மாமா உங்களிடம், "தங்கச்சி நல்லாக் கஷ்டப்படுறாள் தம்பி" என்றார். நான் ஒரு அடி தள்ளி நிற்கிறேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "லைற் பிடிக்கிறதுக்கு என்ன படிப்பு வேணும் மாமா? ஸ்டாண்ட் ஒண்டு வாங்கினால் அதுவும் பிடிக்கும்." தாலி கட்டி முடியும்வரை நின்றேன். கடைசி அட்சதை விழும்வரை என் கை ஆடவில்லை. அதற்குப் பிறகுதான் லைற்றை நிலத்தில் வைத்துவிட்டுப் போனேன்.

செப்டம்பர் 10க்குள் கடிதம் வேண்டும். இல்லையென்றால் இடம் ஓகூஸ் நகரில் இருக்கிற வேறொருவனுக்குப் போகும். மற்றது, படப்பிடிப்பில் எல்லாம் ஸ்பானிஷ்தான். யார் யாருக்கு என்ன பெயர் என்றாவது தெரிந்துகொண்டு வா, மிச்சத்தை நான் சமாளிக்கிறேன் என்று இட்சியார் சொல்லியிருக்கிறாள். முப்பத்தொரு சொல் பாடமாக்கிவிட்டேன். என் பக்க வேலை முடிந்தது. உங்கள் பக்கம்தான் மிச்சம்.

சாரங்கா


அல்பர்ட்ஸ்லுண்ட்
24.08.2025

சாரங்கா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். ஆவல்தான். ஆனால் கோபம் அதற்கு முன்னால் நிற்கிறது.

கடைசி அட்சதைவரை நின்றேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு எத்தனை மணித்தியாலம் மிச்சம் இருந்தது தெரியுமா? மாப்பிள்ளையின் சிநேகிதன் றொபேட் பாவம் என்று லைற்றைப் பிடித்தான். ஒரு கையில் லைற், மற்றக் கையில் போன். கேக் வெட்டுகிற இடத்தில் மண்டபத்துக் கூரை பிரமாதமாகத் தெரிகிறது. மாப்பிள்ளையின் முகம் நீலமாக இருக்கிறது. அந்த வீடியோவைப் பார்த்த ஒருவராவது லைற்றைக் குறை சொன்னார்களா? இல்லை. "கஜதீபனுக்குக் கண் மங்கிப்போச்சு" என்றார்கள். அதற்குப் பிறகு மூன்று குடும்பம் வேறு வீடியோக்காரரைப் பிடித்துவிட்டது.

நம்பரைத் தடுத்தது நான்தான். வீட்டுக் கதவைத் தடுக்கவில்லையே. உன் மருமகனின் ஆறாவது பிறந்தநாளுக்கு நீ வருவாய் என்று தர்ஷனா ஒரு தட்டில் சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள். அண்ணனோடு கோபம் சரி, அண்ணியும் பிள்ளையும் உனக்கு என்ன செய்தார்கள்?

கேட்ட கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். நீ எனக்கு உதவியாளராக 2010 முதல் 2024 வரை இருந்தாய், நேரத்துக்கு வருவாய், பாரம் தூக்குவாய் என்று எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் பொய் இல்லை.

ஸ்டாண்ட் வாங்கிவிட்டேன். நல்ல ஸ்டாண்ட்.

கஜதீபன்


வைலே
28.08.2025

அண்ணா,

உங்கள் கடிதத்தை உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். உறைக்குள் இருக்கிறது, பாருங்கள். கிழித்திருப்பேன். ஆனால் உங்கள் கையெழுத்து அதில் இருக்கிறது.

பிறந்தநாளுக்கு வராதது என் பிழை. அண்ணியிடம் அதை நானே சொல்கிறேன். வேலை விஷயத்தில் விடமாட்டேன்.

"உதவியாளர்" என்றால் அந்தக் குழுவில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அவர்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. கமராவின் கூர்மையைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஆள், அவர் ஃபோகிஸ்தா. மைக்கைக் கம்பில் கட்டித் தலைக்கு மேலே பிடிப்பவர் மைக்ரோஃபொனிஸ்தா. தண்டவாளம் போட்டுக் கமராவைத் தள்ளுபவர் மக்கினிஸ்தா. வெளிச்சக்காரர் எலெக்த்ரிகோ, நான் என்றால் எலெக்த்ரிகா. எங்களுக்குத் தலைவி ஹெஃபா. ஒன்றும் தெரியாமல் பழக வந்த ஆளுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மெரித்தோரியோ. அவருக்குக் கோப்பி வாங்கி வருவதும் வயர் சுருட்டுவதும்தான் வேலை. நேரத்துக்கு வருவாள், பாரம் தூக்குவாள் என்று நீங்கள் எழுதியதை இட்சியார் படித்தால் என்னை அந்த இடத்தில்தான் வைப்பாள். பதினான்கு வருடத்துக்குப் பிறகு பழக வந்த பிள்ளையாக நிற்க என்னால் முடியாது. அப்படியென்றால் நான் போகவே மாட்டேன்.

இந்தச் சொற்களை எப்படிப் பாடமாக்கினேன் தெரியுமா? எங்கள் கம்பனியின் லேபல் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து, என் வீட்டு ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொரு சுவிச்சுக்கும் ஒரு பெயர் ஒட்டினேன். ஃபிரிட்ஜ்தான் தயாரிப்பாளர், ப்ரொதுக்தோர். அவர் நின்றால் எல்லாம் பழுதாகிவிடும். குளியலறை மக்கியாதோரா, ஒப்பனை செய்பவள். துணி தோய்க்கிற மெஷின் உடைப் பிரிவு. ஒரு நாள் கீழ்வீட்டு டெனிஷ் கிழவர் ஏதோ பார்க்க வந்தவர், பெட்டியைத் திறந்த வேகத்திலேயே மூடிவிட்டார்.

படிக்கப் படிக்க எங்கள் கலியாண வீடுகள்தான் ஞாபகம் வந்தன. கதை எழுதுபவர் கியோனிஸ்தா. எங்களுக்கு அது ஐயர். அவர் சொல்கிறபடிதான் எல்லாம் நடக்கும். இயக்குநர் யார்? நீங்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. எந்தக் கலியாணத்திலும் பெண்ணின் பெரியம்மாதான் டிரெக்தோரா. வெட்டி ஒட்டுபவர் மொந்தடோர். அது நீங்கள்தான், சந்தேகமே இல்லை, உங்களைப் போல ஒருவர் இந்த நாட்டில் கிடையாது. இவ்வளவு பேருக்கும் இடம் கிடைத்தது. என் இடத்துக்கு வந்தபோதுதான் யோசித்தேன். இத்தனை வருடம் ஒருவரும் எனக்கு ஒரு பெயர் சொல்லவில்லை. "லைற் பிடிக்கிற பிள்ளை எங்கே?" "லைற் பிடிக்கிற பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்தாச்சோ?" எனக்கு இருபத்தெட்டு வயதிலும் அதே பிள்ளைதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் கட்டிலுக்குக் கீழே சப்பாத்துப் பெட்டிகளில் ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறீர்கள். வெட்டி முடித்ததைப் பார்க்கவேண்டாம். வெட்டாததைப் பாருங்கள். கமலாதேவி அக்காவின் கலியாணத்தில் தொடங்குங்கள். ஹொல்ஸ்டெப்ரோ விளையாட்டு மண்டபம், 2017. பார்த்த பிறகும் உதவியாளர்தான் என்று தோன்றினால் அதே கடிதத்தைத் திருப்பி அனுப்புங்கள். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன்.

சாரங்கா


அல்பர்ட்ஸ்லுண்ட்
06.09.2025

சாரங்கா,

பார்த்தேன். கமலாதேவியின் கலியாணத்தோடு நிறுத்தத்தான் நினைத்தேன். இன்றைக்கு இருபத்துமூன்றாவது கலியாணம் ஓடிக்கொண்டிருக்கிறது. தர்ஷனா பாதியில் எழும்பிப் போய்விட்டாள். "இவ்வளவு தாலியையும் ஒரு மனிசன் ஒரேயடியாப் பாக்கக்கூடாது" என்கிறாள்.

அந்த விளையாட்டு மண்டபத்தில் கோப்பி மெஷின் எல்லாவற்றையும் இழுத்து மின்சாரம் நின்றதே, அது எனக்கு மறந்தே போயிருந்தது. திரையில் பதினொரு வினாடி கறுப்பு. கறுப்புக்குள் உன் குரல்: "அண்ணை, அசையாதேங்கோ. வாறன்." பிறகு வெளிச்சம். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார். அந்தப் பதினொரு வினாடியை அன்றே வெட்டி எறிந்துவிட்டேன். யார் எங்கே ஓடி எந்த வயரை எதில் மாற்றினார் என்று நான் கேட்டதே இல்லை.

பெருமைப்படாதே. உன் குரல் பதினான்கு வயதில் கோழிக்குஞ்சின் சத்தம். காது வலிக்கிறது.

கடிதத்தை உனக்கு அனுப்பவில்லை. திரும்பவும் பிழை பிடிப்பாய். படக்குழுவின் இமெயிலைத் தேடிப்பிடித்து அந்த இட்சியாருக்கே நேரே அனுப்பிவிட்டேன். ஸ்பானிஷில். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் ஒரு கொலம்பியாக்காரி வேலை செய்கிறா. நான் அங்கே பல்ப் மாற்றப் போகும் நேரமெல்லாம் பக்கத்தில் இருந்து திருத்தித் தந்தா. என்ன எழுதினேன் என்று கேட்காதே, சொல்லமாட்டேன். நாலே வரிதான்.

வேலை கிடைத்தால் என் எழுத்தால். கிடைக்காவிட்டால் உன் ஸ்பானிஷால்.

கஜதீபன்

பி.கு: ஸ்டாண்ட் நல்லதுதான். ஆனால் மாப்பிள்ளை நடந்தால் அது நடக்காது.


ஹொல்ஸ்டெப்ரோ
05.10.2025

அன்புள்ள அண்ணா,

இன்று ஞாயிறு, ஓய்வு நாள். வேலை கிடைத்தது என்று அண்ணி மூலம் அறிந்திருப்பீர்கள். அன்றன்றைய வேலைத் தாளில் என் பெயருக்கு நேரே எலெக்த்ரிகா என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தத் தாளைத் தினமும் எல்லாருக்கும் கொடுப்பார்கள். பன்னிரண்டு தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் நேற்று எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தேன்.

ஒரு மீனவன் வீடு. மேசை, மேசையில் அவனுடைய சாப்பாடு, பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தில். இரண்டு தடவை எடுத்துவிட்டார்கள். மூன்றாவதற்கு முன்னால் லைற்றை ஒரு சாண் இறக்கச் சொன்னார்கள், இறக்கினேன். போத்திலில் பளிச்சென்று ஒரு புள்ளி அடித்தது. என் கை தானாகப் போய் அதை எடுத்துவிட்டது. எங்கள் கலியாணங்களில் எத்தனை போத்தில் எடுத்திருப்பேன்! மணவறைக்குப் பக்கத்தில் போத்தில், ஐயரின் காலடியில் போத்தில், பொம்பிளையின் மடிக்குக் கிட்டப் போத்தில். எடுக்காவிட்டால் "லைற் பிடிக்கிற பிள்ளை பாக்கிறேல்லையோ" என்று சத்தம் வரும். குத்துவிளக்கை நகர்த்துவது, பொம்பிளையின் முந்தானையை இழுத்துவிடுவது, கதிரை தூக்குவது எல்லாம் எங்கள் ஆட்களுக்கு எல்லாருடைய வேலையும்தான். அப்படித்தானே வளர்ந்தோம்.

இங்கே அப்படி இல்லை. அந்தப் போத்தில் கதையில் இருக்கிற போத்தில். அதைத் தொட ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை. அவருக்குப் பெயர் அத்ரெசிஸ்தா. போத்தில் இல்லாமலே மூன்றாவது எடுத்தார்கள், நாலாவதும் எடுத்தார்கள். பிறகு முன்பின் ஒட்டுமா என்று குறித்து வைக்கிற பெண் சத்தம் போட்டாள். இரண்டும் வீண். இயக்குநர் எழும்பிவிட்டார். யார் எடுத்தது? ஐம்பது பேர் அசையாமல் நிற்கிறார்கள்.

நான்தான் என்றேன். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அது அத்ரெசிஸ்தாவின் வேலை, என் வேலை இல்லை, இனி நடக்காது என்றேன். வேலைகளின் பெயர்களை எல்லாம் பாடமாக்கினேன் அண்ணா. ஒவ்வொரு பெயரைச் சுற்றியும் ஒரு வேலி இருக்கிறது என்று அந்த நேரத்தில்தான் விளங்கியது.

மத்தியானம் இட்சியார் பக்கத்தில் வந்து இருந்தாள். நாளைக்கு என்னை வயர் சுருட்ட விடப்போகிறாய் என்றேன். அவள் போனை எடுத்து, உன் அண்ணாவின் கடிதத்தை நீ பார்த்தாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். வாசித்தாள். மெதுவாகத்தான் வாசித்தாள், ஆனால் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. எல்லாமே இந்த இரண்டு கிழமையில் என் காதுக்குப் பழகிப்போன சின்னச் சொற்கள்.

"பதினான்கு வருடம் நான் கமரா. அவள் வெளிச்சம். அவள் காட்டிய இடத்தில்தான் நான் நின்றேன். நான் நன்றாகப் படம் பிடிக்கிறவன் என்று எல்லாரும் சொல்வதற்குக் காரணம் அதுதான்."

நாலு வரி. சாப்பாட்டுத் தட்டோடு எழும்பி நின்றுவிட்டேன். இட்சியார் தட்டை வாங்கி வைத்துவிட்டு, வந்த விண்ணப்பங்களில் வெளிச்சத்தைப் பற்றிச் சரியாகச் சொன்ன கடிதம் இது ஒன்றுதான், அதற்காகத்தான் உன்னை எடுத்தேன், போய்க் கடற்கரைப் பக்க லைற்றைப் போடு என்றாள். போட்டேன்.

என்னிடம் தமிழில் சொல்ல வாய் வராததை ஊர் பேர் தெரியாத ஒருத்திக்கு ஸ்பானிஷில் எழுதியிருக்கிறீர்கள். ஓம் அண்ணா, எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எனக்கு எழுதியிருக்கலாமே?

சாரங்கா


அல்பர்ட்ஸ்லுண்ட்
13.10.2025

அன்புள்ள தங்கச்சி,

எழுதியிருக்கலாம். எழுதுகிறேன்.

வெட்டாத பிரதிகளில் என்ன இருந்தது என்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு கை வருகிறது. முதலில் சின்னக் கை, பிறகு வளர்கிறது. பின்னால் போ, இடப்பக்கம் வா, குனி என்று காட்டுகிறது. கூடவே குரல்: "அண்ணை, ரெண்டு அடி பின்னால. அண்ணை, அதில நில்லுங்கோ." படமும் பின்னால் போகிறது, இடப்பக்கம் வருகிறது, குனிகிறது. நான் போகிறேன். ஒரு தடவையும் எதிர்த்துக் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கையையும் குரலையும் கவனமாக வெட்டி எடுத்துவிடுவேன். கலியாண வீட்டுக்காரர் பார்க்கும் பிரதியில் நான் மட்டும்தான் இருப்பேன். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நானே தனியாகப் பிடித்தேன் என்று நம்பிவிட்டேன். மொந்தடோர் என்று என்னைப் புகழ்ந்தாயே, அந்தப் புகழ் இதுதான்.

மகேந்திரராசா மாமாவுக்கு முன்னால் சொன்னது பிழை. அதுவும் உன் காதில் விழச் சொன்னது பெரிய பிழை. மன்னித்துக்கொள். அவரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். "எனக்கு அப்பவே தெரியும் தம்பி, நீர்தான் கவனிக்கேல்லை" என்றார்.

நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இதைப் போனில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். தை மாதம் ஹொல்ஸ்டெப்ரோவில் நிலக்சியின் கலியாணம். நாங்கள் முன்பு கலியாண வீடியோ எடுத்த நீக்கிலாஸ் அண்ணையின் பக்கத்து வீட்டுப் பிள்ளை, உனக்குத் தெரியும். நிலக்சியின் தகப்பன் கேட்டார், "லைற் பிடிக்கிற பிள்ளை வருமோ?" பிள்ளை இல்லை, அவ எலெக்த்ரிகா என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய வேலை என்று மட்டும் விளங்கியிருக்கிறது, தனியாக ஒரு அழைப்பிதழ் தந்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன்.

இனி வீடியோவின் கடைசியில் "கஜன் வீடியோ" என்று மட்டும் போடமாட்டேன். முதலில் "வெளிச்சம்: சாரங்கா". அதற்குப் பிறகு என் பெயர். நீ வந்தாலும் வராவிட்டாலும் பழைய பிரதிகளில் அதைச் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். கமலாதேவியின் கலியாணத்தில் அந்தப் பதினொரு வினாடிக் கறுப்பையும் திருப்பிச் சேர்த்துவிட்டேன். உன் குரலோடு.

வருவாயா?

அண்ணா


வைலே
17.10.2025

அன்புள்ள அண்ணா,

படப்பிடிப்பு முடிந்தது. மார்ச் மாதம் கனரித் தீவுகளில் அடுத்த படத்துக்கு இட்சியார் கேட்டிருக்கிறாள். ஓம் என்றுவிட்டேன். அதுவரை சனிக்கிழமைகள் எனக்கு ஓய்வுதான்.

அண்ணியுடன் நேற்று ஒரு மணித்தியாலம் கதைத்தேன். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வருகிறேன், தட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மருமகனுக்குப் பிறந்தநாள் பரிசும் இருக்கிறது, பிந்திப்போன பரிசு, அதனால் பெரியது.

நிலக்சியின் கலியாணத்துக்கு மூன்று விஷயம். அந்த ஸ்டாண்டைக் கொண்டுவாருங்கள், என் கோட்டைக் கொளுவ உதவும். தண்ணீர்ப் போத்திலை ஒருவரும் தொடக்கூடாது, எங்கள் கலியாணங்களில் அது எலெக்த்ரிகாவின் வேலை. மற்றது, காலையில் நேரத்தோடு வாருங்கள்.

எங்கே நிற்கவேண்டும் என்று வந்து சொல்கிறேன்.

சாரங்கா